சாம்பலுக்கு எத்தனை சதுர அடி

"அம்மா, பதினெட்டு சதுர அடி பெரிசா, ஒன்பது சதுர அடி பெரிசா?"

தவசிமுத்து கேட்டதும் நிறைமதியம்மா கண்ணைத் திறந்தார்.

"யாருக்கு ஐயா?"

இதென்ன கேள்வி என்று தவசிமுத்துவுக்குத் தோன்றியது. முப்பத்தோரு வருஷம் நில அளவைத் துறையில் குப்பை கொட்டியவர். பதினெட்டு என்றால் எல்லோருக்கும் பதினெட்டுதானே. ஆனாலும் குரு கேட்டால் சீடன் பதில் சொல்லியாக வேண்டும். குருவுக்கு வயது முப்பத்து நாலு, சீடருக்கு அறுபத்து இரண்டு. அந்த மலைக்குடிலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மடியில் இருந்த கூடையின் மூடியைத் திறந்தார்.

"இதுக்கு."

உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சின்சில்லா சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எலிக்குப் பெரிய காதும் அணில் வாலும் வைத்த மாதிரி ஒரு பிராணி. ரோமம் அவ்வளவு மிருது. இடது விலாவில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு மொட்டையாக இருந்தது.

"என் பொண்ணு வேனி வளர்த்ததும்மா. பேரு சாம்பல். வெளிநாட்டுக்குப் படிக்கப் போறப்ப என்கிட்ட விட்டுட்டுப் போனா. இப்ப தன் ரோமத்தைத் தானே கடிச்சுப் பிடுங்கிக்குது. இருக்கிற கூடு பத்தலை, சீக்கிரம் பெருசா மாத்துங்க, இல்லைன்னா பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை வீடியோவில கூப்பிடுவா. நான் நல்ல பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டுறேன்."

மகளுக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி. அதுவரை இது உயிரோடு இருக்க வேண்டுமே என்று அவர் பயந்துகொண்டிருந்தார்.

"கடையில ரெண்டு கூடு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு ஆறடிக்கு மூணடி. இன்னொண்ணு மூணுக்கு மூணு, ஆனா ஆள் உசரம். அதுக்குள்ளயும் நடுநடுவே பலகையா அடிச்சு இடத்தை வீணாக்கி வச்சிருக்கான். பெரிசையே வாங்கிடலாம்னு இருக்கேன். வாங்கிட்டா திருப்பி எடுக்க மாட்டானாம். அதான் உங்க வாயால ஒரு வார்த்தை."

"இது முழிச்சிருக்கறப்ப பாத்திருக்கீங்களா?"

"பகல் பூரா தூக்கம்தாம்மா. பொழுது சாஞ்சா உள்ளேயே உருட்டும். உடனே மேலே துணியைப் போட்டு மூடிடுவேன்."

"ஏன்?"

"நிம்மதியாத் தூங்கட்டும்னு."

நிறைமதியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் குடிலின் பின்னறையைக் காலி செய்யச் சொன்னார். கருங்கல் சுவர், ஒரு பரண், சுவரில் பதித்த இரண்டு மரத்தட்டு, ஒரு ஜன்னல். சின்சில்லா தண்ணீரில் குளிக்காது, மெல்லிய பொடியில் புரண்டுதான் குளிக்கும். தவசிமுத்து கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் பொடியை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, சாம்பலை அதன் பக்கத்தில் விட்டு, கதவைச் சாத்தினார்கள்.

"அரைமணி நேரம் வெளியே உக்காருங்க. அப்புறம் உள்ளே போய், எங்கெங்கே பொடி ஒட்டின கால் பட்டிருக்கோ அளந்துட்டு வாங்க. அதுக்கு எவ்வளவு இடம் வேணும்னு அதுவே சொல்லும்."

இது தவசிமுத்துவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அளக்கச் சொன்னால் அவர் சோற்றைக்கூட மறப்பார்.

உள்ளே தொம் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுபடி தொம், தொம். அவர் கதவில் காதை வைத்தார். அந்தச் சின்ன உடம்பு எதை இப்படித் தள்ளிவிடுகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

அரைமணி ஆனதும் டார்ச்சும் டேப்பும் நோட்டுமாக உள்ளே போனார். மண்டியிட்டு, தரையை மூலை மூலையாகத் தேடினார்.

"கிடைச்சுதா?" வாசலில் இருந்து குரல் வந்தது.

"தாம்பாளத்துக்கிட்ட மூணே தடம் இருக்கும்மா. ரெண்டு சதுர அடிகூட வராது. அப்படின்னா இருக்கிற கூடே ஜாஸ்தி. டாக்டர்தான் ஏதோ..."

அவர் பிடரியில் பொடி உதிர்ந்தது.

தவசிமுத்து டார்ச்சை மேலே திருப்பினார்.

அவர் நெஞ்சு உயரத்தில், சுவரின் மேல், நாலு பாதமும் பதிந்த ஒரு வெள்ளைத் தடம் இருந்தது. அங்கே உதைத்து எதிர்ச்சுவருக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து மரத்தட்டுக்கு. தட்டிலிருந்து ஜன்னலுக்கு. அப்புறம் பரணுக்கு. பரண் விளிம்பில் சாம்பல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து நோட்டைத் திறந்தார். வழக்கமாக அவர் போட்டுவைக்கும் இரண்டு கட்டங்கள், நீளம், அகலம். பென்சிலை வைத்த கை அப்படியே நின்றது.

அதற்குள் சாம்பல் பரணிலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து சுவருக்கும் பாய்ந்து, அவர் தோளில் ஒரு உதை விட்டு, மறுபடி மேலே ஏறிவிட்டது. கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அந்தக் குடிலில் யாரும் கேட்டதில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டு, உயரமான கூட்டையே அனுப்பச் சொன்னார். பலகையில் ஒன்றைக்கூடக் கழற்றக் கூடாது என்றும் சொன்னார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்காமல், மகளை வீடியோவில் கூப்பிட்டார். விலாவைக் காட்டினார். எதையும் ஒளிக்கவில்லை.

வேனி கொஞ்ச நேரம் அழுதாள்.

"அது இப்படித் தாவும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் மகளிடம்.

"என்னப்பா சொல்றீங்க? ரெண்டு வருஷமா தினம் சாயங்காலம் நம்ம ஹால்லதானே தாவிச்சு? பீரோ மேலே, ஜன்னல் மேலே... நீங்க அங்கேயேதான் உக்காந்திருந்தீங்க."

"நானா? நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"மேஜையில வரைபடத்தை விரிச்சு வச்சுக்கிட்டுக் குனிஞ்சிருப்பீங்க."

வாசலில் உட்கார்ந்திருந்த நிறைமதியம்மா மெல்ல எழுந்து வெளியே போனார்.

தவசிமுத்து நோட்டை மூடி வைத்தார். பிறகு கேட்டார்:

"அப்ப நீ என்னம்மா பண்ணிட்டிருப்பே?"