வாரண்டி ஸ்டிக்கர்

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த தனுஷ்கோடி, டிஸ்க்கை மாட்டிப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் ஆள். பிலோமினா நீட்டிய எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கையில் வாங்கியதுமே உதட்டைப் பிதுக்கினார்.

“செத்துப்போச்சும்மா. மலிவா வேற ஒண்ணு தாரேன், வாங்கிக்க. இதைக் குப்பையில போட்டுருதேன்.”

“திருப்பிப் பாருங்க சார். உங்க கடை வாரண்டி ஸ்டிக்கர். காலையிலதான் என் தங்கச்சி இங்க புதுசா வாங்கினா.”

கடையில் நின்ற நாலு பேரும் அவரவர் டிஸ்க்கைப் பைக்குள் திணித்துக்கொண்டார்கள்.

“போன வாரமும் இப்படித்தான் சொல்லி, என் பழைய டிஸ்க்கை வாங்கி வச்சுக்கிட்டீங்க. அதைக் கொடுங்க. செத்துப்போன எம்மவன் குரல் அதுலதான் இருக்கு,” என்றாள் பிலோமினா.

தனுஷ்கோடி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில், மார்க்கரில் அவள் எழுதி வைத்திருந்த மகனின் பெயர் தெரிந்தது.

“இதுதாம்மா அது,” என்றார். “அழிச்சுட்டேன்.”