கசக்காத பால்

இந்தக் கதையில் சிஷ்யைக்குத் தலை நரைத்துவிட்டது. குருவின் இடுப்பிலோ இன்னும் பால்குடிப் பிள்ளை.

சிஷ்யையின் பெயர் கனகவல்லி. பொள்ளாச்சிப் பக்கம் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லித்தர வந்தாள். தனக்குப் பாடம் தெரியும், சொல்லித்தரத்தான் தெரியாது என்பது வந்த பிறகே அவளுக்கு விளங்கியது. அதைக் கற்றுக்கொடுத்தவள் பள்ளி அதிபர், நம்மூர்ப் பேச்சில் தலைமையாசிரியை, யோகராணி. கனகவல்லியின் மகள் வயதுதான் இருக்கும். "குருவே" என்று கனகவல்லி கேலியாகத்தான் கூப்பிட ஆரம்பித்தாள். போகப் போகக் கேலி கழன்றுவிட்டது, குரு தங்கிவிட்டாள்.

ஊரில் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். இந்த வெள்ளிக்கிழமை கனகவல்லி கிளம்பியாக வேண்டும். பையெல்லாம் எப்போதோ கட்டியாயிற்று. மனசை இழுத்துப் பிடித்தது விதுர்ஷா.

விதுர்ஷா முதலாம் வகுப்பு. பள்ளிக்கு வந்து பல மாதம் வாயே திறக்காத பிள்ளை. கனகவல்லியின் முந்தானை நுனியை விரலில் சுருட்டிப் பிடித்துக்கொண்டால் மட்டும் புத்தகம் வாசிப்பாள். அதுவும் கனகவல்லியின் காதுக்கு மட்டும்.

"குருவே, நான் போயிட்டா இந்தப் பிள்ளை மறுபடியும் வாயை மூடிக்குமே. இதை எப்படி விட்டுட்டுப் போறது?"

யோகராணி அப்போது மகன் கவிஷனின் வாயிலிருந்து சாக்பீஸ் துண்டைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பார்ப்பம் அக்கா," என்றாள்.

பார்த்துக்கொண்டிருக்கக் கனகவல்லிக்குப் பொறுமை இல்லை. தவிர, அவளுக்கே ஒரு வழி தெரியும். மகளுக்குப் பால் மறக்கடித்தபோது வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டவள் அவள். குழந்தை ஒரு தரம் வாய் வைத்தது, முகம் சுளித்தது, அழுது ஊரைக் கூட்டியது. அப்புறம் கிட்டவே வரவில்லை. கசந்தால் தானாக விட்டுவிடும்.

மறுநாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி ஊக்குக் குத்திக்கொண்டாள். வகுப்பில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. விதுர்ஷா புத்தகத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"தள்ளி உக்காந்து படி. எப்பப் பார்த்தாலும் என்ன ஒட்டிக்கிட்டு?"

"இந்தியா டீச்சருக்குப் பல்லு வலி," என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னாள் நிரோஜினி. வகுப்பிலேயே வாயாடி.

விதுர்ஷா மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாளும் அங்கேதான். புத்தகம் மூடியே கிடந்தது.

கனகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. மகளாவது அழுதாள். இது அழக்கூட இல்லையே.

இடைவேளையில் குருவைத் தேடிப் போனாள். வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் காரமான தேங்காய்ச் சம்பலும் தின்றுகொண்டிருந்தார்கள். கவிஷன் சந்தையில் சுங்கம் வசூலிப்பவன்போல ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று வாயைத் திறந்தான்.

"என்ன குருவே, பையன் உங்க மடியை விட்டுட்டானே?"

"பால் மறக்கடிச்சிட்டேன் அக்கா."

"சொல்லவே இல்லையே. அழுதானா?"

"அழாம இருப்பானா?"

"வேப்பிலை தடவினீங்களா?"

"இல்ல."

"அது தடவாம எப்படி விடுவான்?"

யோகராணி கையை நீட்டிக் காட்டினாள். நிரோஜினி ஒரு துண்டு ரொட்டியைச் சம்பலில் தோய்த்துக் கவிஷன் வாயில் வைத்தாள். அவனுக்கு உறைத்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளாமல் மறுபடியும் வாயைத் திறந்தான்.

"அவன் குடிச்சது நல்ல பாலுதானே அக்கா. கசப்புன்னு நான் ஏன் பொய் சொல்லணும்?"

கனகவல்லி இடுப்பிலிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

வகுப்புக்குப் போய், முழங்கால் வலியைப் பார்க்காமல், மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகளும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"விதுர்ஷா, டீச்சருக்குப் பல்லு வலியெல்லாம் இல்லடா. வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போறேன். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன். உம்மேல கோவமே இல்ல."

"பிளேன்லயா டீச்சர்?" என்றது ஒரு குரல்.

"ஆமா."

"ஏன் போறீங்க?" இது நிரோஜினி.

"எம் மகளுக்குப் பாப்பா பொறக்கப் போகுது."

"எங்க வீட்டுலயும் பொறந்துச்சு. ஒரே கத்தல். போகாதீங்க டீச்சர்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. தரையைத் தடவி முந்தானையைக் கண்டுபிடித்தது.

"பிடிச்சுக்கோ. போற வரைக்கும் இது உன்னோடது," என்றாள் கனகவல்லி. "ஆனா நான் ஒருத்தியே கேட்டா எப்படி? நீ வாசிக்கிறதை இன்னும் யாரு கேட்கணும், சொல்லு."

எல்லாக் கைகளும் மேலே போயின. நிரோஜினி இரண்டு கையையும் தூக்கினாள்.

விதுர்ஷா தலையை வெளியே நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் வேண்டாம். கடைசியில், முகமெல்லாம் சம்பலோடு வாசற்படியில் நின்ற கவிஷனை விரலால் காட்டினாள்.

"அவனுக்கு ஒண்ணும் விளங்காதே," என்றாள் நிரோஜினி.

"அதான்," என்றாள் விதுர்ஷா.

அவள் குரலை வகுப்பு கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை வேன் வந்து நின்றது. கனகவல்லி பையோடு வகுப்பு வாசலில் நின்றாள். உள்ளே விதுர்ஷா முயலும் ஆமையும் இருந்த பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். வாசலுக்குக் கேட்கிற குரல். கவிஷன் அவள் கவுன் ஓரத்தை விரலில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படத்தை நக்கப் பார்த்தான். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள். ஒரு சொல்லை நிரோஜினி திருத்தினாள். விதுர்ஷா நிமிர்ந்து அவளை முறைத்தாள். பிறகு திருத்தி வாசித்தாள்.

வாசலில் நின்றவளைக் கண்டதும் கையை ஆட்டினாள். கனகவல்லியும் ஆட்டினாள். பக்கம் புரட்ட வேண்டியிருந்ததால் விதுர்ஷா கையை இறக்கிக்கொண்டாள்.

யோகராணியோடு வேனுக்கு நடக்கும்போது கனகவல்லி வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"குருவே, என்னை மறந்துடுவாளோ?"

யோகராணி பையை வாங்கி வேனுக்குள் வைத்தாள்.

"உங்க பாலோட ருசி உங்க மகளுக்கு ஞாபகம் இருக்குமா அக்கா?"

"அது எப்படி இருக்கும்?"

"ஆனா அடுத்த மாசம் அவங்க பாப்பாவுக்குக் குடுப்பாங்கதானே."