எல்லைக்கல்லைத் தாண்டிய டோலி

சுனையாண்டவர் கோயில் கொண்டிருக்கும் மேல்கரட்டு மலையில் நோயாளிகளைத் தூக்கி இறக்குவதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர் வேடியப்பனார். அந்த மலைக்குச் சாலை கிடையாது. ஆஸ்பத்திரி அடிவாரத்தில் இருந்தது. பாம்பு தீண்டினாலும் பிரசவ வலி கண்டாலும், கம்பளியில் படுக்க வைத்து, அதை மூங்கிலில் டோலியாகக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுத்துக் காட்டுப் பாதையில் இறக்க வேண்டும். கூலி என்று அவர் யாரிடமும் வாய் திறந்து கேட்டதில்லை.

விடிந்ததும் சுனையில் முழுகி, ஆண்டவர் வாசலைப் பெருக்கி, கைக்கு அகப்பட்ட காட்டுப்பூவைச் சாத்திய பிறகே கஞ்சி குடிப்பார். டோலி தூக்கும் முன்பும் கம்பளியில் கிடப்பவரைக் கும்பிட்டு, "போலாமா சாமி?" என்று கேட்பார். பால்குடிப் பிள்ளையும் அவருக்குச் சாமிதான், ஊரெல்லாம் வம்பு வளர்க்கும் கிழவனும் சாமிதான். ஆண்டவர் பல்லக்கைத் தொட வக்கில்லாதவன் சளிக்காரனுக்குப் பல்லக்குத் தூக்குகிறான் என்று ஊரார் கேலி பேசுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார்.

ஆனால் அந்தக் கேலி சுடாமல் இல்லை. பல்லக்குக்குத் தோள் கொடுக்கும் உரிமை சில வகையறாக்களுக்கே உண்டு. வேடியப்பனாரின் வகையறாவுக்கு இல்லை. சாவதற்குள் ஒருமுறையாவது அந்தத் தண்டு தம் தோளில் அழுந்த வேண்டும் என்பதே அவருடைய ஆசை. டோலியின் மறுமுனையை எப்போதும் சுமக்கும் பொன்னுரங்கன் உரிமையுள்ள வகையறாக்காரன். காலொடிந்து கிடந்த தன் அண்ணனின் இடத்தை அந்த வருஷம் வேடியப்பனாருக்குக் கொடுக்கச் சொல்லி ஊர்க்கவுண்டரிடம் மன்றாடி வாங்கித் தந்தவனும் அவனே. அன்று வேடியப்பனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திருவிழாவுக்காக ஆண்டவருக்கும் ஊருக்கும் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஊருக்கே கேடு என்பது அங்கே கட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்துப் பொன்னுரங்கன் மனைவி அலமேலுவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நம்மால் ஆகாது என்று மருத்துவச்சி கையை விரித்தாள். பொன்னுரங்கன் ஓடி வந்து வேடியப்பனாரின் காலைப் பிடித்தான்.

"மச்சான், அவ செத்துருவா. நீ இல்லாம யாரு மச்சான் எனக்கு?"

வேடியப்பனார் தம் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்பைப் பார்த்தார். பல்லக்கு கைநழுவிப் போகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் மூங்கிலை எடுத்தார்.

இருவரும் டோலியைச் சுமந்து எல்லைக்கல்வரை வந்தார்கள். அங்கே பொன்னுரங்கனின் கால் நின்றுவிட்டது. ஆண்டவர் கண்ணைப் பிடுங்கிவிடுவார், வகையறா உரிமையும் போய்விடும் என்று பயந்தான். தண்டைத் தோளிலிருந்து இறக்கினான். பிள்ளைத்தாய்ச்சி அலறிக்கொண்டு கிடக்க, கட்டியவன் திரும்பி ஊருக்குள் நடந்தான். பின்னாலேயே வந்துகொண்டிருந்த வேடியப்பனாரின் மனைவி உண்ணாமலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த முனைக்குத் தோள் கொடுத்தார். புருஷனும் பெண்சாதியுமாக மலையிறங்கினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் காலை மலையேறி வந்தபோது ஊர் கூடியிருந்தது. யார் கேட்டுப் போனாய் என்றார் கவுண்டர். பொன்னுரங்கன் கேட்டான் என்றார் வேடியப்பனார். பொன்னுரங்கன் சத்தியம் செய்ய ஆண்டவர் சுனைத் தண்ணீரைக் கையில் ஏந்தி ஊர் நடுவே வந்து நின்றான்.

"நான் கூப்பிடலீங்க. காப்பு இருக்கு, வேணாம்னு தடுத்தேன். அவருதான் கேக்காம தூக்கிட்டுப் போயிட்டாரு."

வேடியப்பனார் அவன் முகத்தையே பார்த்தார். அவன் தலை நிமிரவில்லை. பல்லக்கு உரிமை பறிக்கப்பட்டது. திருவிழா முடியும்வரை எல்லைக்கல்லுக்கு வெளியே கிடக்க வேண்டும், யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று தீர்ப்பானது.

எல்லைக்கு வெளியே ஒரு பலாமரத்தடியில் அவரும் உண்ணாமலையும் தங்கினார்கள். ஊர் தள்ளியது அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பல்லக்குப் போனதைக்கூட விழுங்கிக்கொண்டார். ஒரே மூங்கிலை இத்தனை காலம் கூடச் சுமந்தவன் ஊர் நடுவே தம்மைக் கைவிட்டதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. நெஞ்சு எரிந்தது. அப்படியும் பக்கத்தில் இருந்த ஊற்றில் முழுகி, கோயில் இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டு, வாய்விட்டுக் கேட்டார்.

"காப்ப மீறுனது தப்புன்னா என்னைய அடி சாமி. ஆனா உன் தண்ணிய ஏந்திக்கிட்டு அவன் பொய் சொன்னானே, நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

திருவிழாவன்று உச்சிப்பொழுதில் பல்லக்குப் புறப்பட்டது. கோயிலைச் சுற்றி வர வேண்டிய பல்லக்கு, சுற்றவில்லை. தூக்கியவர்களை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. பிடி, நிறுத்து என்று கவுண்டர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. முன்தண்டைச் சுமந்த பொன்னுரங்கன் எல்லைக்கல்லில் காலை ஊன்றித் தடுத்துப் பார்த்தான். அவனையும் இழுத்துக்கொண்டு, கையில் கட்டிய காப்போடு ஆண்டவர் எல்லையைத் தாண்டினார். பலாமரத்தடியில் வேடியப்பனார் முன்னே வந்துதான் பல்லக்கு நின்றது.

பொன்னுரங்கன் தண்டைத் தோளில் வைத்தபடியே, தான்தான் கூப்பிட்டேன், தான்தான் பொய் சொன்னேன் என்று கதறினான். கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆண்டவரே தாண்டிய எல்லை இனி நோயாளிக்கும் அவரைத் தூக்குபவருக்கும் தடையில்லை என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

"மச்சான், என்னைய மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு" என்றான் பொன்னுரங்கன்.

அந்த வார்த்தை வேடியப்பனாருக்கு வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்ல அவருக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆண்டவரை நிமிர்ந்து பார்த்தார். "போலாமா சாமி?" என்று கேட்டு, பொன்னுரங்கனுக்குப் பக்கத்திலேயே தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தார். பல்லக்குப் பூப்போல எழுந்தது.

தம்மைக் கைவிட்டவனோடும் தோள் சேர்த்து ஆண்டவரைச் சுமந்த வேடியப்பனாரின் திருவடி நம் தலைமேல் இருக்கட்டும்.