சென்னியப்பன் காலுக்கு வந்த தீர்ப்பு

கொழிஞ்சிப்பட்டியில் சென்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். அவருக்குக் கூட்டாளிகள் நாச்சிமுத்துவும் ராக்கியப்பனும். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் புத்தி கம்மி என்று ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். மூன்று பேருக்கும் தனித்தனியாகவே கம்மி.

ஒருநாள் அரிசி ஆலை டிராக்டரைப் பின்னால் எடுத்தார்கள். ஆலைக்காரக் கிளீனர் எங்கேயோ பார்த்துக்கொண்டு "வரலாம், வரலாம்" என்று கைகாட்டினான். வழியில் சென்னியப்பனின் இடது கால் இருந்தது. டிராக்டர் அதன்மேல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவருடைய கொம்பில்லாத மோளை எருமையை விற்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், கால் வலிக்கு அழாதவர் காலித் தொழுவத்தைப் பார்த்து அழுதார்.

"அழுவாதப்பா. கேஸைப் போட்டுச் செலவை வாங்கி எருமையை மீட்டுருவோம்" என்றார் நாச்சிமுத்து.

வக்கீல் கண்டிப்பாகச் சொன்னார்: "கட்டு ரொம்ப முக்கியம். ஆஸ்பத்திரி பில் ஒண்ணு விடாம கட்டுக்குள்ள இருக்கணும். கேஸ் முடியற வரைக்கும் கட்டு கலையக் கூடாது."

அவர் சொன்னது காகிதக் கட்டை. இவர்கள் பயபக்தியோடு பார்த்தது காலிலிருந்த மாவுக்கட்டை.

ஆறாவது வாரம் டாக்டர் கட்டைப் பிரிக்கப் போனார். ராக்கியப்பன் குறுக்கே விழுந்தார். "ஏனுங் டாக்டர், எங்க கேஸைத் தோக்கடிக்கப் பாக்கறீங்களா?"

ஒவ்வொரு பில்லையும் கட்டின்மேல் வைத்துப் பழைய வேட்டியால் சுற்றினார்கள். வாய்தாவுக்கு ஒரு சுற்று கூடியது. வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. கால் பலாப்பழம் மாதிரி ஆகிவிட்டது. அரிப்புக்குச் சைக்கிள் கம்பியை விட்டுச் சொறிந்துகொண்டு, எருமையை நினைத்துப் பொறுத்துக்கொண்டார் சென்னியப்பன்.

"செலவுக்கு ஆதாரம் எங்கே?" என்றார் நீதிபதி.

சென்னியப்பன் காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். "இதுக்குள்ளதானுங்க சாமி."

டவாலிச் சேவகர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேட்டியையும் மாவுக்கட்டையும் பிரித்தார். பில் ஒன்றுகூடக் குறையவில்லை. வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதி சிரிப்பை அடக்கியபடி தீர்ப்பைப் படித்தார்: "சென்னியப்பனின் இடது கால் மருத்துவச் செலவுக்காக, முழுத் தொகையையும் ஆலை முதலாளி கொடுக்க வேண்டும்."

பணம் கைக்கு வந்ததும் எருமையை வாங்க மூவரும் ஓடினார்கள். பாதி வழியில் நாச்சிமுத்து நின்றுவிட்டார்.

"பணம் எதுக்குன்னு அய்யா சொன்னாரு?"

"எடது கால் மருத்துவச் செலவுக்கு" என்றார் ராக்கியப்பன்.

"எருமைக்குன்னு சொன்னாரா?"

"இல்லியே."

"அப்பறம் எருமை வாங்கினா கோர்ட்டை அவமதிச்சதாயிடாதா?"

சென்னியப்பன் இடது காலைத் தட்டிப் பார்த்தார். குணமாகிக் கல்லு மாதிரி இருந்தது. அழுகையே வந்துவிட்டது. "இதுக்குத்தான் ஒண்ணுமில்லியேப்பா! எதுல செலவு பண்றது?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு அரிசி ஆலைக்குப் போனார்கள்.

"வலது காலை மடக்கிக்கப்பா, அதுக்குத் தீர்ப்பு இல்லை" என்றார் ராக்கியப்பன் அக்கறையாக.

சென்னியப்பன் மடக்கிக்கொண்டு, இடது காலை மட்டும் டிராக்டருக்குப் பின்னால் நீட்டினார். "அடுத்த கேஸுல மறக்காம எருமைன்னே எழுதச் சொல்லோணும்" என்றார்.

நாச்சிமுத்து டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"வரலாம், வரலாம்!"