நூற்றெட்டு ஜன்னல் விடுதி

முன்பு ஒரு நாட்டை ஆண்ட அரசருக்கு, யானைமேல் இருந்து பார்த்தால் தம் தலைநகரம் அழகாகத் தெரியவேண்டும் என்று ஓர் ஆசை. வெளியூர்களிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் கோயில் மண்டபங்களில் படுத்துக் கிடந்தது அவர் கண்ணை உறுத்தியது. "இவர்களுக்கு அரண்மனைபோல் ஒரு விடுதி கட்டும்" என்று கட்டுமான அதிகாரி மாவலிராயருக்கு உத்தரவிட்டார்.

ஆறே மாதத்தில் மூன்றடுக்கு மாளிகை எழுந்தது. முகப்பெல்லாம் யாளியும் அன்னமும் தாமரையும். அடுக்குக்கு முப்பத்தாறாக நூற்றெட்டு ஜன்னல்கள். அரசர் யானைமேல் வந்தார், "பலே!" என்றார், மாவலிராயருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார், திரும்பிப் போனார். கீழே இறங்கி உள்ளே ஓர் அடி வைக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில், அரசவை விகடகவி திருமேனி கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தார். நாலு மாணவர்கள் ஐந்தாவது ஒருவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினார்கள். அந்த விடுதியில் தங்கி இலக்கணம் படிக்கும் மருதையன் என்பவன் கட்டிலில் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்னப்பா ஆச்சு இவனுக்கு?"

"விளக்குப் புகைங்கய்யா. பகல்லயே விளக்கு ஏத்தினாத்தான் ஏட்டுல எழுத்து தெரியும். ஏத்தினா புகை போக வழியில்ல."

"ஜன்னலைத் திறக்கிறதுதானே? நூத்தியெட்டு இருக்கே!"

"நீங்களே வந்து ஒண்ணைத் திறந்து காட்டுங்கய்யா" என்றான் ஒருவன். அவன் குரலில் கேலி இல்லை, கோபம் இருந்தது.

திருமேனி போய்ப் பார்த்தார். ஜன்னல்கள் அத்தனையும் சுண்ணாம்பில் பிடித்து, சாயம் தீட்டிய பொம்மைகள். பின்னால் கெட்டிச் சுவர். வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று மாவலிராயர் ஒரு துவாரம்கூட விடவில்லை. அறைகளோ, நீட்டிப் படுத்தால் கால் சுவரில் முட்டும் அளவு.

"இத்தனை நாள் ஏன் யாரும் வாய் திறக்கல?"

"சொன்னா வெளிய தள்ளிடுவோம்னு காவலாள் மிரட்டுறான். இந்த ஊர்ல எங்களுக்கு வேற யாருய்யா இருக்கா?"

திருமேனி நேரே சபைக்குப் போனார். "அரசே, மாவலிராயர் கட்டியது விடுதி அன்று, வர்ணம் பூசிய பத்தாயம்! நெல்லைப் போட்டு மூடலாம், மனிதரைப் போடலாமா?"

திருமேனிமேல் மாவலிராயருக்கு நெடுநாள் பொறாமை. உடனே எழுந்தார். "அரசே, தாங்கள் மெச்சிய கட்டடத்தைப் பழிப்பது தங்கள் கண்ணையே பழிப்பதாகும். இவர் அங்கே ஏழு நாள் தங்கி, அதைப் புகழ்ந்து எழுதட்டும். எழுத்தில் பொய் கலக்கக் கூடாது. குறைச்சொல் எழுத்திலும் வரக் கூடாது, வாயிலும் வரக் கூடாது. தவறினால் நாடு கடத்துங்கள்."

"அரசே, அந்த ஜன்னல்கள்..." என்று திருமேனி தொடங்கினார்.

"போதும்!" என்றார் அரசர், முகம் சிவந்து. "மாவலிராயர் சொன்னபடியே ஆகட்டும். எழுதியதை நாமே படித்துப் பார்ப்போம்."

"உத்தரவு அரசே. எழுதிய அறையிலேயே தாங்கள் படித்தருள வேண்டும்" என்றார் திருமேனி. அரசர் சம்மதித்தார்.

ஏழாம் நாள் அரசரும் மாவலிராயரும் வந்தார்கள். நிலைப்படியில் அரசரின் கிரீடம் டணாரென்று முட்டியது. உள்ளே மூவரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க நின்றார்கள். திருமேனி ஓர் ஓலையை நீட்டினார்.

"எழுத்தே தெரியவில்லையே! விளக்கு கொண்டுவா!"

விளக்கு வந்தது, கூடவே புகையும். அரசருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் கொட்டியது. "ஜன்னலைத் திறவும்!"

மாவலிராயர் அசையவில்லை. அரசர் தாமே சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார், பிறகு ஓங்கிக் குத்தினார். "வெளியே நூற்றெட்டு இருந்ததே! இங்கே ஒன்று எங்கே ஐயா?"

"அரசே... அவை அழகுக்காக..."

"மூச்சு விடுவது எப்படி?"

"மாணவர்கள்தானே, அரசே..."

அரசர் அவரைத் தள்ளிவிட்டு முற்றத்துக்கு ஓடினார். மூச்சு வந்ததும் திருமேனியிடம் சீறினார். "உமக்கு வாயில்லையா? சொல்லியிருக்கலாமே!"

"குறை சொல்லக் கூடாது என்பது தங்கள் ஆணை, அரசே."

அரசர் வெயிலில் ஓலையைப் பிடித்துப் படித்தார். ஒரே வரி: 'இவ்விடுதியை வெளியே நின்று பார்ப்பவர் பாக்கியசாலிகள்.'

புகழ் இருந்தது. பொய் இல்லை. குறைச்சொல்லும் இல்லை. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன பரிசு வேண்டும், கேளும்!"

திருமேனி சிரிக்கவில்லை. "மருதையன் இன்னும் எழுந்து உட்காரவில்லை, அரசே. 'மாணவர்கள்தானே' என்றாரே, அந்த வார்த்தை என் காதில் இன்னும் எரிகிறது. எல்லா அறைக்கும் மெய்யான ஜன்னல் வைக்கும்வரை மாவலிராயர் இதே அறையில் குடியிருக்க வேண்டும். அதுதான் எனக்குப் பரிசு."

அரசரின் சிரிப்பு அடங்கியது. மாவலிராயரின் தோளிலிருந்த சால்வையைத் தம் கையாலேயே எடுத்தார். "மருதையனை அரண்மனை வைத்தியர் பார்க்கட்டும். நீர் உள்ளே போம், ராயரே" என்றார்.

"அறைக்கு ஒரு ஜன்னல் என்றாலும் ஆறு மாதம் பிடிக்குமே, அரசே!" என்று கெஞ்சினார் மாவலிராயர். ஆனால் உள்ளே போன மறுநாள் விடியுமுன் "ஓடி வாங்கடா!" என்று கொத்தனார்களைக் கூவியழைத்தது அவர் குரல்தான். பதினோராம் நாள் எல்லா அறையிலும் காற்று வந்தது. மாவலிராயர் அறையில்தான் கடைசியாக வந்தது. அந்த அறையைக் கடைசியில்தான் தொடவேண்டும் என்று திருமேனி கொத்தனாரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். அதைக் கேட்டபோது அரசர் விட்ட சிரிப்பு, தெருக்கோடிவரை கேட்டதாம்.