தேன்பள்ளத்தின் மேல் வெள்ளை

“மேடம், இது புகையா, தூசியா? காலையிலேர்ந்து பார்க்கிறேன். தலையும் புரியல, வாலும் புரியல.”

கேட்டவர் பொன்னுரங்கம். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் வனவராகக் காட்டில் அலைந்தவர். செயற்கைக்கோள் படம் பார்க்கக் கற்றுக்கொள்ள இந்த அறைக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது.

கற்றுக்கொடுப்பவள் ஜெசிந்தா. அவரைவிட இருபது வயது சின்னவள். அதிகம் பேசமாட்டாள்.

“எது சார்?”

“இந்த மஞ்சள். பூவன்துறை மேல.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“கடல் பக்கமிருந்து வருது. பாலைவனத்துத் தூசின்னு தோணுது. ஆனா ஊமைமலை எரியுதே மேடம், அந்தப் புகையும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கலாமே?”

“திரும்பியிருக்கலாம்.”

“அப்ப புகையா?”

“தூசியாவும் இருக்கலாம்.”

இதற்குக் காட்டுப்பன்றியே தேவலை என்று அவருக்குத் தோன்றியது. எந்தப் பக்கம் பாயும் என்றாவது அதன் மூஞ்சியைப் பார்த்தால் தெரியும்.

ஊமைமலை அடிவாரத்து விடுதியில் நாற்பத்தோரு பிள்ளைகள். இரண்டு நாளாக அங்கே புகை. மூன்று பேருக்கு இளைப்பு. அவர்களை எங்கே கொண்டுபோவது என்று பதினொன்றரைக்குள் இந்த அறை சொல்ல வேண்டும்.

மேற்கே போனால் பூவன்துறை. கிழக்கே போனால் தேன்பள்ளம்.

“இன்னிக்கு நீங்க எழுதுங்க சார். நான் கையெழுத்துப் போடறேன்” என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள்.

அவர் மஞ்சளைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுதினார்.

“தேன்பள்ளம் மேடம். பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. ஒரு பொட்டு நிறம்கூட இல்ல. டிரைவர்கிட்ட பிள்ளைங்கள ஏத்தச் சொல்லிட்டேன்.”

ஜெசிந்தா பேனாவை எடுக்கவில்லை. பிரிண்டரிலிருந்து ஒரு தாளை உருவினாள். திரையில் பூவன்துறை இருந்த இடத்தின் மேல் அதை வைத்து ஒட்டினாள்.

“இப்போ பூவன்துறையில புகை இருக்கா சார்?”

“மறைச்சு வெச்சுட்டுக் கேட்டா எப்படிச் சொல்றது?”

“பளிச்சுன்னு வெள்ளையா இருக்கே.”

“மேடம், அது தாள்!”

“பக்கத்துல இருக்கற வெள்ளை?”

அவர் திரைக்கு அருகில் குனிந்தார்.

தாள் ஒரு வெள்ளை. தேன்பள்ளம் ஒரு வெள்ளை. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அது மேகம் மேடம். மேகம்னா மெஷின் அளக்காம வெள்ளையா விட்டுட்டுத் தாண்டிப் போயிடும். ரெண்டாம் நாளே சொன்னீங்க.”

“மேகம்னு யார் சொன்னது?”

“மெஷின்தான்.”

“சரி சார்.”

அவள் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மணி பதினொன்று பத்து. மார்ச் மாதம். அந்த மலையில் இருபத்தாறு மார்ச் மாதங்களைப் பார்த்தவர் அவர். ஒரு மார்ச்சிலும் இந்த நேரத்துக்கு தேன்பள்ளத்தின் மேல் மேகம் நின்றதில்லை.

போனை எடுத்தார். தேன்பள்ளத்தில் டீக்கடை வைத்திருக்கும் சின்னம்மணியின் எண் அதில் இருந்தது.

“யாரு, பழைய வனவரா? ஏசி ரூமுக்குப் போனதும் எங்களை மறந்துட்டீங்கன்னு பேசிக்கறாங்க.”

“சின்னம்மணி, அங்க மேகமா இருக்கா?”

“மேகமா! பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு சோறு வடிச்சிட்டிருக்கேன். புகையில எதிர்வீட்டுச் செவுரு தெரியல. மேகமாம்!”

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை.

“கதவைச் சாத்திக்க. ஊருக்கே வண்டி அனுப்பச் சொல்றேன்.”

அடர்ந்த புகையைத்தான் மெஷின் மேகம் என்று தாண்டியிருக்கிறது. அடுத்து டிரைவரை அழைத்தார்.

“தம்பி, கிளம்பாதே.”

“எல்லாரையும் ஏத்தியாச்சு சார். ஒரு பொண்ணுக்கு ரொம்ப இளைக்குது. எந்தப் பக்கம்னு சொல்லுங்க.”

“லைன்லயே இரு.”

ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

“மேடம், அப்ப அந்த மஞ்சள்?”

அவள் அவருடைய போனைப் பார்த்தாள். திரையைப் பார்க்கவில்லை.

மேசைமேல் இருந்த அலுவலக போனில் அவர் இன்னொரு எண்ணை அழுத்தினார். பூவன்துறை மளிகைக்கடை வகாப் பாய் எடுத்தார்.

“பாய், அங்க வானம் எப்படி இருக்கு?”

“பழுப்பா, அழுக்கு வேட்டி மாதிரி. ஸ்கூட்டர் சீட்ல மண்ணு படிஞ்சு கெடக்கு. பசங்க அதுல பேர் எழுதி வெளையாடுறானுங்க.”

“வாசனை என்ன வருது?”

“வாசனையா? என்ன சார் கேள்வி இது?”

“வெளிய வந்து மூச்சை நல்லா இழுத்துட்டுச் சொல்லுங்க பாய்.”

செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சை இழுக்கும் சத்தமும் கேட்டது. பொன்னுரங்கம் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பக்கத்து வீட்ல கருவாடு வறுக்கறாங்க சார். வேற ஒண்ணுமில்ல.”

“தம்பி, பூவன்துறைக்கு விடு” என்று பொன்னுரங்கம் மற்ற போனில் சொன்னார்.