‘சுதி’ ஊரெல்லாம் பரவிய விதம்

கொட்டாரக்குறிச்சியில் அடைக்கலம் என்று ஒருத்தன் இருந்தான். உள்ளூர் நாயனக்காரர்களைப் பற்றியும் பேண்டு செட்டுக்காரர்களைப் பற்றியும் எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லையே என்று அவனுக்குத் தீராத மனக்குறை. பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே ‘சுதி’ என்று ஓர் இசைப் பத்திரிகை தொடங்கிவிட்டான். கூட்டாளிகள் சங்கிலியும் பூவலிங்கமும். மூன்று பேருக்கும் அறிவு கொஞ்சம் மட்டுதான்; ஆனால் யார் எதைச் சொன்னாலும் எழுத்துப் பிசகாமல் செய்வார்கள்.

அச்சகம் வைத்திருந்த ஆசீர்வாதம் அண்ணாச்சி முதலிலேயே சொன்னார்: “அட்டைப்படம் பேசணும் தம்பிகளா.”

அட்டையில் நாயனம் வாசிக்கும் சுடலையாண்டி. சங்கிலி படத்தில் காதை வைத்துக் கேட்டான். சத்தமே இல்லை.

“எப்படிவே பேசுவாரு? வாயில நாயனம்லா இருக்கு!” என்றான் பூவலிங்கம்.

நியாயம்தானே? நாயனத்தை அழித்தார்கள். கன்னம் உப்ப, கண் பிதுங்க, இரண்டு கையாலும் காற்றைப் பிடித்தபடி நின்றார் சுடலையாண்டி.

“இப்பவும் பேசலையே?”

“கோவத்துல இருக்காரு. போகப் போகப் பேசுவாரு,” என்றான் அடைக்கலம்.

இதழ் அச்சானது. “முதல் இதழ் கையைக் கடிக்கும், பாத்துக்கிடுங்க,” என்றார் அண்ணாச்சி. மூவரும் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்து, கட்டுகளைக் குச்சியால் தள்ளித் தள்ளி வண்டியில் ஏற்றினார்கள்.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். “வெயில் பாக்காம ஊர்ல பரப்புங்கடே!”

வெயிலைப் பார்த்துவிடக் கூடாதென்று குனிந்த தலை நிமிராமல், சந்தைத் திடல் முழுக்க ஒவ்வோர் இதழாகப் பரப்பி, மேலே கல்லும் வைத்தார்கள். பிறகு டீ குடிக்கப் போனார்கள்.

திரும்பி வந்தால், இதழ்கள் மேலெல்லாம் கூழ்வடாம்!

“யாரு பெத்த பிள்ளைகளோ, ஊருக்கே பேப்பர் விரிச்சு வச்சிருக்கு!” என்று பெண்கள் வாழ்த்திக்கொண்டே பிழிந்தார்கள்.

சித்திரை வெயில். சாயங்காலம் வடாம் உரிந்து வந்தது. கூடவே எழுத்தும் வந்துவிட்டது. வெறும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் அடைக்கலம்.

“எதுக்குவே கலங்குத? ஒரு வீடு பாக்கியில்லாம பத்திரிகை போயிருக்கு!” என்றான் பூவலிங்கம்.

அடைக்கலம் முகம் மலர்ந்துபோய், வீடுவீடாகக் கருத்துக் கேட்கக் கிளம்பினான். பேச்சியம்மாள் பொரித்த வடாத்தை மென்றபடியே சொன்னாள்: “தலையங்கம் மொறுமொறுன்னு இருக்குய்யா. நாலாம் பக்கத்துச் சுடலையாண்டி பேட்டியிலதான் உப்பு கூடிப்போச்சு.”

பத்திரிகை தர்மம் என்று ஒன்று இருக்கிறதே! மூவரும் அச்சகத்துக்கு ஓடினார்கள். துண்டுத்தாள் அச்சடித்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள்:

“பிழை திருத்தம்: நான்காம் பக்கத்தைத் தயிர்ச்சோற்றோடு படிக்கவும்.”